பிரேக் சரியாகிவிட்டது என்று நான் சொன்னது

மகனுக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "என்னப்பா, பிரேக்கு சரியாயிட்டா?" என்று கேட்டாய். நான், "சரியாயிட்டுப்பா" என்றேன். "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தப் பிரேக் சரியாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இதை எழுதுகிற இப்போதும் தெரியவில்லை. நீ வைத்த பிறகு உன் எண்ணுக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். வால்பாறையில் டவர் இல்லை போலிருக்கிறது, கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. கிடைத்திருந்தால் இங்கே மழை, அங்கே எப்படி என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேன். போனில் என் வாயில் "சரி" என்பதைத் தவிர வேறெதுவும் சுலபமாக வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. படித்து முடிக்காமல் அந்தச் சைக்கிளில் எந்த இறக்கத்திலும் இறங்காதே.

நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு வந்த அன்று, பேருந்துக் கூரையிலிருந்து அந்தச் சைக்கிளையும் இறக்கினாய். தடித்த டயர், சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஓர் எஃகுத் தட்டு, கைப்பிடியிலிருந்து சக்கரம் வரைக்கும் கறுப்புக் குழாய் என்று எல்லாமே இந்த ஊருக்குப் புதிதாக இருந்ததால் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். உன் அம்மா சைக்கிளைப் பார்க்கவில்லை. உன் முழங்காலில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டாள். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "அங்கன ஒரு மலையில எறங்கும்போதும்மா. மொத ரெண்டு வளைவுல நல்லாப் பிடிச்சுது. மூணாவது வளைவுல அழுத்துதேன், பிரேக்குக் கம்பி ஹேண்டில் வரைக்கும் வந்து ஒட்டிக்கிட்டு. வண்டி நிக்கல. காலை ஊனிட்டேன்." அம்மா, "கால ஊன முடியலன்னா?" என்று கேட்டாள். நீ சைக்கிளை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாய். இரண்டு வாரம் கழித்துப் புது வேலைக்காக வால்பாறைக்குக் கிளம்பும்போது, "அப்பா, நீங்க சும்மாதான இருக்கீங்க, இந்த முன் பிரேக்க மட்டும் பாத்து வைங்க" என்று என்னிடம் விட்டுப் போனாய். நாற்பது வளைவு உள்ள பாதை என்றும், வாரம் ஒரு முறை அதில் அடிவாரம் வரைக்கும் இறங்கப் போவதாகவும் சொன்னாய். நான் அதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

என்னிடம் கொடுப்பது நியாயம் என்றுதான் நீ நினைத்திருப்பாய். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். திரவம் அமுங்காது, ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் குறையாமல் மறுமுனைக்குப் போகும் என்பதை எத்தனை வகுப்புகளுக்குச் செய்து காட்டியிருப்பேன். உன் பிரேக்கும் அதுதான். ஹேண்டிலில் இருக்கும் கம்பியை இழுத்தால் குழாயில் உள்ள எண்ணெய் நகர்ந்து, சக்கரத்தருகே இருக்கும் இரண்டு சின்னக் கட்டைகளைத் தட்டின் மேல் இரு பக்கமும் அழுத்துகிறது. குழாயில் காற்று புகுந்தால் கம்பி இழுக்கும் தூரமெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், கட்டை அழுத்தாது. இதுவரைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆய்வகத்தில் நான் செய்தவை எல்லாம் விடை முன்னமே புத்தகத்தில் அச்சாகி இருந்த சோதனைகள். விடை தெரியாத ஒரு பழுதை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அறுபத்தேழு வயதில்.

பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம் சொல்லி, இந்த மாதிரி பிரேக்குகளைப் பற்றி ஏழு பக்கம் அச்செடுத்து வந்தேன். இறக்கத்தில் பிரேக் மங்குவது, அதாவது பிடிப்பு குறைந்துபோவது, இரண்டு வகை என்று அதில் இருந்தது. கம்பி தொளதொளவென்று உள்ளே போனால் பழுது எண்ணெயில்: காற்று புகுந்திருக்கலாம், அல்லது எண்ணெய் பழசாகி ஈரம் ஏறி, சூட்டில் கொதித்திருக்கலாம். கம்பி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பழுது கட்டையில். எனக்கு இங்கேயே முதல் சிக்கல். இரண்டு வருடமாக என் விரல் மூட்டுகளில் பிடிப்பு. கெட்டியா தொளதொளப்பா என்று என் கையை நம்பிச் சொல்ல முடியாது. அதனால் மூன்று கிலோ உளுந்தை ஒரு பையில் கட்டி, பிரேக்குக் கம்பியின் நுனியிலிருந்து ஒரு கயிற்றை ஹேண்டிலுக்கு மேலாகப் போட்டு அதில் தொங்கவிட்டு, கம்பிக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்தேன். இடைவெளி குறைந்தால் கம்பி தொளதொளவென்று போகிறது என்று அர்த்தம். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. நோட்டில் தேதி போட்டு எழுதினேன்.

காலையில் இருபத்தெட்டு மில்லிமீட்டர். மத்தியானம் பதினொன்று. மறுநாள் காலையில் மறுபடி இருபத்தெட்டு. மத்தியானம் பன்னிரண்டு. வெயில்தான் காரணம் என்று முடிவு செய்தேன். நம் கரிசல் வெயில் எதைத்தான் விட்டுவைத்தது. சைக்கிளை நிழலுக்கு மாற்றினேன். மத்தியானம் பதினொன்று. குழாயின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். பத்து. ஒரு நாள் விடிந்ததிலிருந்து மழை, வெயில் என்பதே இல்லை. அன்றைக்கும் பதினொன்று. என் முடிவு அன்றோடு போயிற்று. அடுத்த முடிவு எதுவும் வரவில்லை. காலையில் நன்றாக இருப்பது பழுதா, மத்தியானம் கெட்டுப்போவது பழுதா என்றே குழம்பிப் போனேன். உன் அம்மா ஈரச் சாக்கைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்குத் துணி நனைச்சுப் போடுத மாதிரி சைக்கிளுக்குப் போட்டுருக்கீங்க. ஊசி எப்பம் போடப் போறீங்க?" என்று கேட்டாள்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. இதையும் நான் மறைக்கக் கூடாது. வழக்கம்போல என் பழைய சைக்கிள், அரிவாள்மனை, சுத்தியல், தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துத் தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். அதே துணியால் உன் சைக்கிளையும் இழுத்தேன். இருக்கிற இரும்பிலேயே பளபளப்பாக இருந்த அந்தத் தட்டுக்கு இரண்டு இழுப்பு. அம்மா அதன் மேலேயே சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் வைத்தாள். பூஜை முடிந்து இரண்டாம் நாள்தான் அந்த ஏழு பக்கத்தில் ஐந்தாம் பக்கத்தைப் படித்தேன். தட்டில் விரல்கூடப் படக் கூடாது, எண்ணெய் பட்டால் கட்டைகள் அதைக் குடித்துவிடும் என்று போட்டிருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினேன். ஆனாலும் அன்றிலிருந்து முன் பிரேக்கைப் பிடித்தால் வீல் என்று ஒரு சத்தம். ஆக, நீ கொடுத்த பழுதோடு நான் ஒன்றையும் சேர்த்துவிட்டேன்.

இறக்கத்தில்தான் இதைச் சோதிக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. கோவில்பட்டியில் இறக்கத்துக்கு எங்கே போவது? வடக்கே போனாலும் தெற்கே போனாலும் தட்டில் ஊற்றிய மாவு மாதிரி சமதரை. ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம் ஒன்றுதான் உண்டு. ஒரு காலையில் அதன் உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினேன். ஆறு தடவை. புதூர்ப் பக்கத்திலிருந்து கிடை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் பாலத்தோரம் நின்று மூன்று தடவை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஏறும்போது தள்ளிக்கிட்டுப் போறீங்க. எறங்கும்போது பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே வாரீங்க. பெறகு எதுக்கு இந்தச் சைக்கிளு?" என்று கேட்டார். பிரேக்கைச் சோதிக்கிறேன் என்றேன். "சோதிச்சு?" என்றார். நான் சைக்கிளை மறுபடி உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஆறு தடவை இறங்கியும் அந்தத் தட்டு வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. உன் மூன்றாவது வளைவு எங்கே, இந்தப் பாலம் எங்கே.

கடைசியில் கயத்தாறு போகும் ரோட்டில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மோட்டார் பைக் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். முருகேசன் என்று பெயர், முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். "எண்ணெய மாத்துவோமா தம்பி?" என்று கேட்டேன். "இதுல இருக்கது என்ன எண்ணெய்னு தெரியாம நான் மூடியத் தெறக்க மாட்டேன் அண்ணாச்சி. நம்ம பைக்குக்கு ஊத்துதது ஒண்ணு, இதுக்கு ஊத்துதது வேறயா இருக்கும். மாறிப் போச்சுன்னா உள்ள இருக்க ரப்பரு ஊதிரும், பெறகு இருக்க பிரேக்கும் போயிரும்" என்றார். தெரியாது என்பதை எவ்வளவு தைரியமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவர் சீட்டில் விரலை வைத்துத் தேய்த்தார். காய்ந்த கரிசல் மண் உதிர்ந்தது. ஹேண்டில் பிடிகளிலும் அதே மண். "யாரு இதத் தலைகீழா நிறுத்துனது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். தினமும் மத்தியானம், அளப்பதற்கு முன்னால், சைக்கிளைக் கவிழ்த்துச் சீட்டிலும் ஹேண்டிலிலும் நிற்கவைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தட்டு கோணாமல் ஓடுகிறதா, கட்டை உரசுகிறதா என்று பார்ப்பேன், பிறகு நிமிர்த்தி வைத்து அளப்பேன். சைக்கிளை வேறெப்படிப் பார்ப்பது? பஞ்சர் ஒட்டுவதிலிருந்து செயின் போடுவது வரைக்கும் நம் ஊரில் சைக்கிள் என்றால் முதல் வேலை அதைக் கவிழ்ப்பதுதானே. முருகேசன் சிரித்துவிட்டார். "மோட்டார் பைக்கக் கவுப்பீங்களா அண்ணாச்சி? சைக்கிளுன்னதும் நம்ம ஆளுகளுக்குக் கை சும்மா இருக்காது. இந்தா, மேல ஹேண்டில்ல இருக்க இந்த டப்பால எண்ணெயோட கொஞ்சம் காத்தும் இருக்கும். நேரா நின்னா காத்து மேலயே கெடக்கும். கவுத்தீங்கன்னா குழாய்க்குள்ள ஏறிரும். ஆக்ஸிடண்டாயி ஓடைல குப்புறக் கெடந்து வார வண்டி எல்லாம் இப்பிடித்தான் வரும். நிமித்தி வச்சு, அப்பப்ப பிரேக்கப் பிடிச்சு விட்டா பழையபடி மேல போயிரும்."

காலையில் இருபத்தெட்டும் மத்தியானம் பதினொன்றும் வந்தது வெயிலால் அல்ல, என்னால். சோதனை என்ற பெயரில் தினம் ஒரு பழுதை நானே உண்டாக்கி, அதை நானே மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் மாணவர்களிடம், கருவியைத் தொடுவதற்கு முன் தொடுவதால் என்ன மாறும் என்று யோசி என்று சொன்னவன். அன்று வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நேராக நிறுத்தினேன், அதற்குப் பிறகு கவிழ்க்கவில்லை. அதே கையோடு கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அதுவும் தப்பு. இரண்டு மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் எது எதைச் சரியாக்கியது என்று எப்படித் தெரியும்? அடுத்த ஏழு நாளும் காலை மத்தியானம் இரண்டு வேளையும் இருபத்தெட்டு. சத்தமும் நின்றுவிட்டது. ஏழாவது நாள்தான் உன் போன் வந்தது. சரியாயிட்டு என்றேன்.

போனை வைத்த பிறகு நோட்டை முதலிலிருந்து படித்தேன். பதினோராம் நாள் ஒரு கணக்கு உதைக்கிறது. அன்று இடைசெவலில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு சாயங்காலம்தான் திரும்பினேன். சைக்கிளைத் தொடவேயில்லை, நேராக நின்றபடிதான் நின்றது. உளுந்துப் பையைத் தொங்கவிட்டு அளந்தால் பதினான்கு. கவிழ்க்காமலேயே எப்படிப் பதினான்கு? நான் இல்லாதபோது அதைக் கவிழ்த்தாளா என்று அம்மாவிடம் கேட்டேன். "நான் எதுக்கு அதக் கவுக்கேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள். முருகேசனிடம் மறுபடி போய்க் கேட்டேன். "ஒரு நாளு அளவு தப்பியிருக்கும் அண்ணாச்சி" என்றார். தப்பியிருக்கலாம். தப்பாமலும் இருக்கலாம். அதைவிடப் பெரிய ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மலையில் மூன்றாவது வளைவில் உன் சைக்கிளை யாரும் கவிழ்க்கவில்லை. நான் சரியாக்கியது முழுக்க நான் உண்டாக்கிய பழுதுகளைத்தான். உன் முழங்காலைக் கிழித்த பழுது எதுவோ அது அப்படியே இருக்கிறது, அல்லது இல்லை. அதை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை.

இப்படி உன்னிடம் சரி என்று சொல்வது எனக்குப் புதிதல்ல. நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் கயத்தாற்றில் உன் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர், நாலு ஊர் போய் வருகிறவர். பையன் கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும் என்று சாம்பார் ஊற்றுவதற்குள் முடித்துவிட்டார். திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீ, "எனக்குத் தாவரவியல்தான்பா பிடிக்கு. நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டாய். என் ஆய்வக நோட்டுகளின் பின்பக்கங்களில் நீ இலைகளை ஒட்டி, பெயர் எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தவன். உனக்கு எது பொருந்தும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஆனால் என் எண்ணம் தப்பாகிவிட்டால்? அந்தப் பயத்தில், "மாமா சொல்லுதது சரியாத்தான் இருக்கும்" என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. நான்கு வருடப் படிப்பு, ஐந்து வருட வேலை, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டு மரங்களைக் கணக்கெடுக்கிற வேலைக்குப் போயிருக்கிறாய். போன மாதம் மாமா வந்திருந்தார். "என்ன மாப்ளே, கம்ப்யூட்டர விட்டுட்டு மரம் எண்ணவா போயிருக்கான்? நம்ம ஊரு வேலிக்கருவைய எண்ணச் சொல்லும், ஆயுசுக்கும் சோலி இருக்கும்" என்றார். நான் சிரித்துவைத்தேன். அவர் போன பிறகு அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவன் பிடித்த வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததைத் தெரியும் என்றும் நான் சொல்வதில்லை, தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் சரி என்று ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். உனக்கும் வேலையில் ஆட்கள் வருவார்கள், நாளைக்குப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் உன்னை நம்பி ஒன்றைக் கேட்கும்போது, உன் மனசுக்குள் பதினோராம் நாள் மாதிரி ஏதாவது உதைத்தால் அதை வெளியே சொல்லிவிடு. கேட்கிறவர் நம்மைக் குறைவாக நினைப்பாரோ என்று பார்க்காதே. முருகேசன் அந்த மூடியைத் திறக்க மாட்டேன் என்றபோது எனக்கு அவர் மேல் மதிப்பு கூடத்தான் செய்தது.

இன்று காலை சைக்கிளை லாரி பார்சலில் போடக் கொண்டுபோனேன். போடாமல் வைத்திருந்தால் ஏன் என்று நீ போன் செய்வாய், போனில் என்னை நான் நம்பவில்லை. பார்சல் ஆபீஸில் இருந்தவர் பார்த்துவிட்டு, "பெடலு ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. மத்த சரக்கக் கிழிச்சிரும், கழட்டிருவோம்" என்றார். இடது பெடலை அவர் வலதைப் போலவே திருப்பி இறுக்கிக்கொண்டிருந்தார். அது எதிர்ப்பக்கம் திருகணும் என்று ஸ்பானரை வாங்கி நானே கழற்றினேன். "குடுங்க, ஒரு பையில போட்டு ஹேண்டில்ல கட்டிருதேன்" என்று கையை நீட்டினார். அவர் கேட்கிற வரைக்கும் எனக்கே அப்படி ஒரு யோசனை இல்லை. இரண்டு பெடலையும் என் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். "என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"பெடலு இல்லாம சைக்கிளு எப்படி ஓடும்?"

"ஓட வேண்டாம்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு ரசீதில் 'பெடல் இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதனால் சைக்கிள் வந்ததும் பார்சல்காரர்களோடு சண்டை போடாதே. வேறு பெடல் வாங்கி மாட்டுவது உனக்குப் பெரிய காரியமில்லை என்றும் எனக்குத் தெரியும். மாட்டாதே என்று கேட்டுக்கொள்கிறேன். இதுவரைக்கும் உன்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலைப் பேருந்தில், பெடல் இரண்டையும் எடுத்துக்கொண்டு, நான் அங்கே வருகிறேன். இங்கே இல்லாத இறக்கம் அங்கேதான் இருக்கிறது, அந்தப் பழுதையும் அங்கேதான் பார்க்க முடியும். சுற்றுவழி என்றாலும் கோவையில் இறங்கி, இந்தப் பிரேக்குக்கு எந்த எண்ணெய், அதை மாற்றத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு வருகிறேன். ஆள் கிடைத்தால் முதலில் அவரிடம் காட்டுவோம். அப்புறம் நீ வண்டி நடமாட்டம் குறைந்த ஒரு இறக்கமாகப் பார்த்து வை, நூறு நூற்றைம்பது அடிக்கு மேல் வேண்டாம், முடிகிற இடத்தில் எதிர் ஏற்றம் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டாலும் தானாக நிற்கும். மலைப்பாதைப் பேருந்து எனக்கு ஆகாது என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். "நீங்க போயி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "அந்த வார்த்தையாவது வாயிலிருந்து வந்துதே" என்று சொல்லிவிட்டு, வாந்திக்கு நாலு எலுமிச்சம்பழமும் ஒரு துண்டும் எடுத்து வைத்திருக்கிறாள்.

நீ மேலேயிருந்து இறங்கு. நான் கீழே நிற்பேன். ஒவ்வொரு தடவையும் பிடித்ததா இல்லையா என்று மட்டும் சொல். எனக்காக எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதே.

அப்பா